மைக்கு வாங்கினது போதும் மருமவனே

வாங்க தொரை, திண்ணையில உக்காருங்க. கூரியர்க்காரப் பய காலையிலேயே ஒன் பேரைச் சொல்லித் தெருவை எழுப்பிட்டான். புது மைக்கு வந்திருக்காமே? நல்லது, ஏற்கெனவே கெடக்கிற ரெண்டுக்கும் தொணைக்கு ஆளு வேண்டாமா. வாங்கிக்கிட்டே இரு மருமவனே, நிறுத்திராதே. நீ வாங்குத வரைக்கும் ஊரு நிம்மதியா இருக்கும். பாட ஆரம்பிச்சாத்தான் எங்களுக்குக் கஷ்டம்.

என்ன மொறைக்கே? இந்தச் சுத்துப்பட்டியில கொடைக்கும் சடங்குக்கும் மைக்செட்டு கட்டினவன் நான். எந்த மரத்துல ஏறிக் குழாயை எந்தப் பக்கம் திருப்பினா எந்த ஊருக்காரன் தூக்கம் கெடும்னு தெரிஞ்சு கட்டினவன். சத்தத்தைப் பத்தி நான் கொஞ்சம் பேசலாம்.

"ரகுமானே வீட்டுலதான் மாமா ஆரம்பிச்சாரு"ன்னு போன வாரம் என்னை மடக்கினே. வாஸ்தவம். கோடம்பாக்கத்துல வீட்டோட சேத்து 1989-ல ஸ்டூடியோ போட்டாரு, 1992-ல 'ரோஜா' வந்துச்சு. ஒம்பது வயசுல அப்பாவைப் பறிகொடுத்துட்டு, சின்ன வயசுலேயே அடுத்தவங்க பாட்டுக்குக் கீபோர்டு வாசிச்சு வீட்டைத் தாங்கினாரே, அந்தக் கதையை மட்டும் நீ வசதியா விட்டுட்டே. ஒன் கண்ணுக்கு அந்த வீடு மட்டும்தான் பட்டிருக்கு. பொறவு பில்லி ஐலிஷுன்னு ஒரு அமெரிக்காக்காரப் பொண்ணு கதை சொன்னே. அண்ணன்காரனோட படுக்கையறையில பாடிப் பதிஞ்சு, 2020-ல கிராமி விருதை அள்ளிட்டுப் போனாளாம். அள்ளட்டும். ஒன் படுக்கையறையிலயும்தான் கட்டில் இருக்கு. நீ அதுல படுத்துல்லா கெடக்கே!

நீ சொல்லாத ஒருத்தன் கதையை நான் சொல்லுதேன், கேளு. மதுரையில படிக்கிற என் பேத்தி சொன்னது. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன்னு அமெரிக்காவுல பெரிய பாட்டுக்காரன். 1982 சனவரியில, நியூ ஜெர்சியில ஒரு வாடகை வீட்டுல உக்காந்து, டியாக் கம்பெனிக்காரனோட போர்ட்டாஸ்டூடியோங்கிற மெஷின்ல பாடியிருக்கான். சாதாக் கேசட்டுல நாலு தடம் பதியுற மெஷின், ரெண்டே ரெண்டு மைக்கு. பதிஞ்ச கேசட்டை உறைகூட இல்லாம கால்சட்டைப் பையில போட்டுக்கிட்டு அலைஞ்சிருக்கான். சும்மா மாதிரிக்குப் பதிஞ்சதுதான் அது. பின்னால பெரிய ஸ்டூடியோவுல கூட்டத்தைச் சேத்துத் திரும்ப வாசிச்சுப் பாத்தாங்களாம், அந்தக் கேசட்டுல இருந்தது வரவே இல்லையாம். கடைசியில கேசட்டுல இருந்ததையே 'நெப்ராஸ்கா'ன்னு இசைத்தட்டா விட்டுட்டாங்க. இப்ப ஒன் சட்டைப் பையில கெடக்குதே போனு, அது அந்த மெஷினைவிடச் சுத்தமாப் பதியும். அவன்கிட்ட இருந்து ஒன்கிட்ட இல்லாத சாமான் என்னன்னு நான் சொல்ல மாட்டேன். நீ மனசு நொந்துருவே.

சரி, ஒன் ரூமுக்கு வருவோம். நாலு பக்கமும் மொட்டைச் சுவரு, மேல காங்கிரீட்டு, கீழ டைல்ஸு. பேசினாலே கிணத்துக்குள்ள இருந்து கூப்பிடுத மாதிரி இருக்கு. அதுக்கு நீ கண்டுபிடிச்ச வைத்தியம் முட்டை அட்டை! சுவரு பூரா ஒட்டி வெச்சிருக்கியே, பல்லி குடும்பத்தோட வந்து குடியேறிட்டு. வெளிச்சத்தம் நின்னுச்சா? எதுத்த வீட்டுக் குக்கரு மூணு விசிலும் ஒன் சரணத்துல கேக்கு. உள்ள வெறும் சுவத்துல மோதித் திரும்புத சத்தத்தை மெத்து மெத்துன்னு இருக்கிற கனமான சாமான்தான்டே குடிக்கும். நீ சின்னப் பயலா இருக்கையில உள்வீட்டுல பருத்தியை அம்பாரமாக் குவிச்சிருப்போமே, அதுக்குப் பக்கத்துல நின்னு பேசிப் பாத்திருக்கியா? குரலு திரும்பி வராது, அங்ஙனயே அமுங்கிப் போவும். பட்டணத்து ஸ்டூடியோக்காரன் சுவத்துல காசைக் கொட்டிச் செய்யுத வேலையை நம்ம பருத்தி சும்மா செஞ்சுச்சு. இப்ப பருத்தி இல்லேன்னா என்ன, பீரோக் கதவைத் தொறந்து வை, கொடியில ரெண்டு போர்வை, தரையில ஜமுக்காளம், பாயைச் சுருட்டி மூலையில நிறுத்து. காத்தாடியை அமத்து. வேர்க்கத்தான் செய்யும், பாட்டுன்னா சும்மாவா?

வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் விடு. மூஞ்சியை லேசாச் சாய்ச்சுப் பாடு, இல்லேன்னா ஒவ்வொரு 'ப'வுக்கும் டயரு வெடிக்கும். சிவப்பு வெளக்கு எரிஞ்சா "பவரா வருது மாமா"ங்கே. அது பவரு இல்லடே, சத்தத்தோட தலையை வெட்டிப் போடுது. வெட்டினதை எவனாலயும் ஒட்ட முடியாது. இன்னொண்ணு, காதுல மாட்டியிருக்கியே ஒயரில்லாத ப்ளூடூத்து, அதுல சத்தம் சுணங்கித்தான் வரும். அதைக் கேட்டு நீ பாடுதே, தாளம் ஒன்னைய விட்டுட்டு முன்னால போயிருது. "தாளம் தப்பலாமா?"ன்னு தபேலாக்காரப் பயலை வேற வைதிருக்கே. ஒயரு வெச்சதை மாட்டிக்கிட்டு அவன்கிட்ட ஒரு மன்னிப்புக் கேளு.

சுருதிக்கு ஆட்டோட்யூன் இருக்குன்னு தெம்பா இருக்கே. பூமிக்கு அடியில எண்ணெய் எங்க கெடக்குன்னு அதிர்வை வெச்சுத் தேடுத கணக்குல கைதேர்ந்த ஒரு அமெரிக்காக்காரர்தான் 1997-ல அதைக் கொண்டாந்தாராம். கெட்டிக்காரரு. ஆனா நம்ம கரிசக்காட்டுல போர் போட்டுப் பாத்தவன் எவனையும் கேளு. உள்ள இருந்தாத்தான் வரும்.

அடுத்து, பாட்டை ஊருக்குள்ள விடுத கூத்து. நாலு நிமிசப் பாட்டு. வாட்ஸப் குரூப்புல போட்ட பத்தாவது நொடியில "சூப்பர்ண்ணே, கண்ணு கலங்கிருச்சு"ன்னு வருது. எந்த எடத்துலடே கலங்குச்சு, முன்னிசை இன்னும் முடியலையே! துபாய்ல இருக்கிற சித்தி மகன் அஞ்சு ஹார்ட்டு போட்டிருக்கான், ஒன்கிட்ட வாங்கின கடன் பாக்கி இருக்குல்லா. இதை எண்ணிக்கிட்டுப் பொழுதுக்கும் போனை நோண்டுதே.

கேசட்டுக் காலத்துல இப்படி இல்ல. நம்ம ஊர்ல ஒருத்தரு டூ-இன்-ஒன்ல சொந்தக் குரல்ல சினிமாப் பாட்டாப் பாடி வெச்சிருந்தாரு. கொடையன்னைக்கு சாமிப் பாட்டு முடிஞ்சதும் "இதைப் போடுடே"ன்னு கெஞ்சினாரு. போட்டேன். பல்லவி முடியலை, ரெண்டு பேரு ஆம்ப்ளிஃபயரு ஒயரைப் பிடுங்க வந்துட்டான். மனுசன் அசரலையே! மறு வருசம் இன்னொரு கேசட்டோட வந்தாரு. அவுக ஆத்தா பாடுன தாலாட்டு. ஓரத்துல கோழி கத்துது, எவனோ இருமுதான், அந்தம்மா நடுவுல "போதுமாய்யா?"ன்னு கேக்குத சத்தங்கூட இருக்கு. முதல் வருசம் ஒயரைப் பிடுங்க வந்தவனே "இன்னொருக்க போடும்வே"ன்னான்.

நீ என்னடான்னா, கம்பெனிக்காரன் டிராக்கை எறக்கி, அவன் பாட்டையே அவன் மாதிரியே பாடி யூடியூப்புல போடுதே. அங்க மெஷினே உரிமைக்காரனைக் கண்டுபிடிச்சு, வருத காசையும் அவன் பக்கம் திருப்பிவிட்டுரும். அந்தப் பாட்டைப் பாட அவன் இருக்கானே, நீ எதுக்கு? ஒங்க ஆத்தா, அதான் எங்க அக்கா, பருத்தி எடுக்கையில பாடுவாளே, அதை எவன் டிராக்குலயும் எறக்க முடியாது. "போடா கோட்டிப் பயலே"ன்னு வெரட்டுவா. வெரட்டுனாலும் வெத்தலை வாங்கிக் குடுத்து உக்கார வை. அதைப் பதிஞ்ச கையோட ஒன் சொந்த மெட்டுல பாதியில நிக்கிறதையும் முடி. ரெண்டாஞ் சரணம் இல்லாம ஒன் போன்ல எத்தனை பாட்டு அனாதையாக் கெடக்கு தெரியுமா?

முடிச்சதும் முதல்ல எனக்கு அனுப்பு. வாய்ஸ் மெசேஜா அனுப்பிச் சத்தத்தை நசுக்காதே, டாக்குமெண்டா அனுப்பு. எனக்கு ஹார்ட்டு எல்லாம் போடத் தெரியாது. முழுசாக் கேட்டுட்டுத் திட்டத்தான் தெரியும்.