பரண் மேல் ஒரு பர்மா போர்

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரத்தில் பரணைச் சுத்தம் செய்யும் குடும்பத்துக்கு ஒரு காக்கிச் சட்டை கிடைக்காமல் போவதில்லை. கிடைத்த அதே நிமிடம் அது தாத்தாவின் போர்க்கால ராணுவ உடையாகிவிடும். தீர்ப்பு சொல்பவர் வழக்கமாக மூத்த சித்தப்பா. சட்டையை விரிக்கும் முன்பே போரையும் அறிவித்துவிடுவார்: பர்மா. அது இல்லையென்றால் நேதாஜி படை. சென்ற போகிக்கு முதல் நாள் திருமுல்லைவாயிலில் இம்முறையில் அடையாளம் காணப்பட்ட உடையின் பையில் பஸ் டிக்கெட் கட்டு இருந்தது. அப்போதும் சித்தப்பா அசையவில்லை. இதை எழுதுபவர் வீட்டுச் சித்தப்பா அவர், எனவே நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம். தாத்தா எந்தப் போருக்குப் போனார் என்று உறுதிசெய்யும் வழி கடைசியில் தரப்படும்.

முதல் சிக்கல் நிறம். காக்கி போட்டவரெல்லாம் சிப்பாய் என்றால் உலகின் மிகப் பெரிய படை அம்பத்தூர் எஸ்டேட்டில்தான் இருந்திருக்கும். போலீஸ் காக்கி. ஊர்க்காவல் படை காக்கி. தபால்காரர் காக்கி. பஸ் டிரைவர் காக்கி, ஆட்டோக்காரர் காக்கி, மின்வாரிய லைன்மேன் காக்கி. என்.சி.சி. மாணவன் காக்கி, அவனுக்குப் பயிற்சி தரும் கணக்கு வாத்தியாரும் அன்று காலை மட்டும் காக்கி. கம்பெனி வாட்ச்மேன் காக்கி, அவர் பையைச் சோதித்து உள்ளே விடும் ஃபிட்டரும் காக்கி. பள்ளி நாடகத்தில் கட்டபொம்மனைப் பிடிக்க வரும் வெள்ளைக்காரத் துரைக்கும் காக்கிதான், ஏனெனில் வாடகைக் கடையில் அதுதான் இருந்தது. பட்டாபிராம் மிலிட்டரி சைடிங் ரயிலில் ஏறியவரெல்லாம் மிலிட்டரி ஆகிவிடுவதில்லை. போதாததற்கு, பர்மாக் காடுகளில் 1943 வாக்கில் காக்கி போய்ப் பச்சை வந்துவிட்டது. இதைச் சொன்னால் "வெளுத்துப் போச்சுப்பா" என்பார்கள்.

நிறத்தை விட்டுத் துணிக்கு வரலாம். பாலியஸ்டர் இழை பிரிட்டனில் 1941-இல் ஆய்வகத்தில் உருவாகி, போர் முடிந்த பிறகே விற்பனைக்கு வந்தது. ஆகவே டெரிகாட்டன் சட்டையோடு 1944-இல் கோஹிமாவில் யாரும் சண்டை போட்டிருக்க முடியாது. உள்தையலிலிருந்து ஒரு நூலை உருவி, சட்டைக்கு வெகு தூரத்தில் கொளுத்திப் பார்ப்பது எளிய சோதனை. பருத்தி சாம்பலாகும், கம்பளி முடி கருகிய நாற்றம் அடிக்கும், பாலியஸ்டர் உருகி உருண்டையாகும். மூன்றாவது நடந்தால் சித்தப்பாவைக் காபி குடிக்க அனுப்பிவிட்டுச் சொல்வது நல்லது.

அடுத்து உட்புற முத்திரை. அகன்ற அம்புக்குறி இருந்தால் அரசுச் சொத்து. ஆவடி ராணுவ உடைத் தொழிற்சாலையான ஓ.சி.எஃப்.-இன் முத்திரை இருந்தால் பர்மா அத்தோடு முடிந்தது. அந்தத் தொழிற்சாலை தொடங்கியதே 1961-இல். மிச்சம் 1962 சீனப் போர், 1965, 1971 பாகிஸ்தான் போர்கள். தாத்தா அங்கே தையல் பிரிவில் வேலை பார்த்தார் என்பதும் சாத்தியம். ஆவடியைப் பொறுத்தவரை இதற்கே வாய்ப்பு அதிகம், ஆனால் எந்தக் குடும்பமும் காதில் வாங்குவதில்லை. ஒரு ராணுவத்துக்கே சட்டை தைத்துக் கொடுத்தவருக்கு என்ன குறைச்சல் என்று இதுவரை எவரும் விளக்கவில்லை.

தொப்பிச் சின்னத்தில் யானை இருந்தால் மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்று கொள்ளலாம். 1803 அசாயே போரின் நினைவான யானை அது. சின்னம் மட்டும் இருந்து சட்டை இல்லாத வீடுகளும் உண்டு, அது பாகப்பிரிவினை விவகாரம்.

பாதுகாப்பு சுருக்கமானது. துவைக்கக் கூடாது, காரணம் பிறகு. கஞ்சி போடக் கூடாது, ராமபாணப் பூச்சிக்கு அது விருந்து. அந்துப்பூச்சியின் புழு கம்பளியைத்தான் தேடும், பருத்திச் சட்டைக்குள் பத்துப் பாச்சா உருண்டை திணிப்பது வீண். பட்டனைச் சட்டையில் வைத்தபடி பாலிஷ் போட்டால் துணியில் பச்சைக் கறை படியும். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளே பூட்டிவிடும். கஞ்சி போக அலசிக் காயவைத்த காடாத் துணியில் சுற்றி, மடிப்புகளுக்குள் அதே துணியைச் சுருட்டி வைத்தால் போதும். பரணில் மொட்டைமாடிச் சூடு இறங்கும். கட்டிலுக்கடியில் வைத்தவர்கள் 2015 டிசம்பரையும் 2023 மிக்ஜாம் புயலையும் நினைத்துக்கொள்ளலாம். எஞ்சுவது பீரோ, அதில் பட்டுப்புடவைகள் இருக்கும்.

தாத்தாவின் போரை உறுதிசெய்ய, மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் வெலிங்டனுக்கும், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூருக்கும் எழுத வேண்டும். பெயர் மட்டும் போதாது, ஒரே பெயரில் எத்தனையோ முனுசாமிகள். படை எண் வேண்டும். சிப்பாய்கள் அதை உடையின் உட்புறத்தில் மையால் குறித்து வைப்பது வழக்கம், பெரும்பாலும் காலருக்கு உள்ளே. பரணிலிருந்து இறங்கிய சட்டையில் சித்தி முதலில் சோப்பு போட்டுத் தேய்ப்பதும் அங்கேதான்.