சிங்குக்கு அடியில் குனிதல்: மலாக்கா மாநிலச் சமையலறைகளை முன்வைத்து ஓர் ஆய்வு

வீடு வாங்குகிறவர்கள் சாவியைக் கையில் வாங்கிய அன்று சமையலறைக்குப் போய் சிங்குக்கு அடியில் குனிந்து பார்ப்பது ஏன்? குழாய் ஒழுகுகிறதா என்று பார்க்கவே என்பர் ஒருசாரார். கரப்பான்பூச்சி தேடவே என்பர் மற்றொரு சாரார். இரண்டும் மலாக்காவுக்குப் பொருந்தும். அமெரிக்காவிலோ அங்கே தொங்கும் ஓர் உருளையைச் சோதிப்பதற்காகவும் குனிகிறார்கள். மீந்த சோற்றையும் காய்த்தோலையும் அரைத்துச் சாக்கடைக்கு அனுப்பும் இயந்திரம் அது.

விஸ்கான்சின் மாநிலத்து ராசின் நகரில் ஜான் ஹேம்ஸ் என்ற கட்டடக் கலைஞர் 1927-இல் அதை உருவாக்கினார். 1938-இல் அதற்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கினார். பலர் அஞ்சுவதுபோல் உள்ளே கத்தி கிடையாது. சுழலும் தட்டு, அதன்மேல் ஆடும் உலோகக் கட்டைகள், சுற்றிலும் பல் வைத்த வளையம், அவ்வளவே. சுழலும் வேகத்தில் கழிவு ஓரத்துக்கு வீசப்பட்டு, வளையத்தில் தேய்ந்து, தண்ணீரோடு போய்விடும். ஏதாவது சிக்கிக்கொண்டால் அடியில் அறுகோணச் சாவியை நுழைத்துத் திருப்ப வேண்டும் (முருகனுக்கும் இதற்கும் தொடர்பில்லை). சூடேறி நின்றுவிட்டால் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும்.

அமெரிக்க வீட்டு ஆய்வாளர் சங்கம் இந்த இயந்திரத்தைச் சோதனைப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. வழக்கமான சுவிட்சைப் போட்டு அதன் முதன்மைச் செயலை இயக்கிப் பார்க்கவேண்டும் என்பது விதி. நடப்பது என்னவென்றால், ஆய்வாளர் தண்ணீரைத் திறப்பார், சுவிட்சைத் தட்டுவார், காதைக் கொடுப்பார், கீழே டார்ச் அடிப்பார். சத்தம் சரி, ஒழுகல் இல்லை, தேர்ச்சி. இதில் ஆராய்ச்சியாளன் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பெரும்பாலும் உள்ளே எதையும் போடுவதில்லை. குப்பையை அரைக்கப் பிறந்த ஒன்று, குப்பையின் முகத்தைப் பார்க்காமலே பட்டம் வாங்கிவிடுகிறது.

மலாக்காவில் இவ்வியந்திரம் காண்பதற்கு அரிதாயிற்றே, பின் ஆய்வு எதற்கு எனின், பொருள் கிடைக்காத காரணத்தால் ஆராய்ச்சி நின்றதாகத் தமிழுலகில் முன்னுதாரணம் இல்லை.

டான் சே யான் என்பவர் 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டதிலிருந்து இம்மாநிலத்தில் தோட்டங்கள் பெருகின. தோட்டம் இருந்த இடத்தில் தொழிலாளரின் வரிசை வீடான லயம் இருந்தது. லயம் இருந்த இடத்தில் வீட்டுச் சோதனையும் இருந்தது. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு பற்றிய 1990-ஆம் ஆண்டுச் சட்டமும் வாராந்தரப் பார்வையிடலை வலியுறுத்துகிறது. லயத்துக்கு வந்தவர் பெரும்பாலும் தோட்டத்து மருத்துவ உதவியாளர். சனங்கள் வாயில் ‘டிரசர் ஐயா’. அவர் சுவிட்சு எதையும் தேடவில்லை. நேரே லயத்தின் பின்பக்கம் போய்ச் சாக்கடையைப் பார்த்தார். சோற்றுப் பருக்கை மிதக்கிறதா? தண்ணீர் தேங்கிக் கொசு முட்டையிட்டிருக்கிறதா? கோழி எந்த வீட்டுடையது? கடைசிக் கேள்விக்கு எந்தத் தோட்டத்திலும் நேரான பதில் கிடைத்ததில்லை.

இங்கே நம் கோட்பாடு பிறக்கிறது. அமெரிக்கர் குப்பை இல்லாமல் இயந்திரத்தைச் சோதித்தார். டிரசர் இயந்திரம் இல்லாமல் குப்பையைச் சோதித்தார்.

இயந்திரம் இல்லை என்றதும் சற்று அவசரமாகச் சொன்னதுதான். கழனித்தண்ணிப் பானை இருந்தது. அரிசி கழுவிய நீர், வடித்த கஞ்சி, காய்த்தோல், வாழைப்பழத் தோல் எல்லாம் அதில் சேர, லயத்தில் மாடு வைத்திருந்தவர் வீட்டுக்குப் போயிற்று. ஹேம்ஸ் வழிவந்த உருளைகள் வீட்டு உபயோகத்தில் பெரும்பாலும் மூன்றில் ஒன்று முதல் ஒரு குதிரைத்திறன் வரை. மாட்டுக்கு ஒரு மாட்டுத்திறன். உருளைக்கு ஓர் அறை, மாட்டின் வயிற்றுக்கு நான்கு. உருளை சாக்கடைக்குக் கூழ் தருகிறது; மாடு பாலும் சாணமும் தருகிறது. சிவப்புப் பொத்தான் மட்டும் மாட்டுக்கு இல்லை. மீன் முள் பூனையின் துறை. எஞ்சியது வாழை மூட்டுக்கு.

பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட, சனங்கள் ஜாசினிலும் டுரியான் துங்காலிலும் ஆயர் குரோவிலும் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்கு வந்தார்கள். மாட்டைத் தாமானுக்குள் கொண்டுவர முடியவில்லை. புது வீட்டில் குறை இருந்தால் சாவி பெற்ற 24 மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம். வீடமைப்பாளர் 30 நாளில் சரிசெய்ய வேண்டும். இதற்கென்று கம்பியால் தரையோட்டைத் தட்டி அடியில் வெற்றிடம் கேட்கும் தம்பிமார் வந்துவிட்டார்கள். சிங்கை அடைத்து நீர் நிரப்பித் திறந்துவிட்டுக் கீழே குனிவதும் அவர்கள் சடங்கில் உண்டு. அந்நேரம் பின்னால் நிற்கும் பாட்டி, “தம்பி, இதுல தேங்காய்ச் சக்கை போச்சுன்னா அடைக்குமா?” என்று கேட்டால், படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

இவ்வீடுகளில் உருளையைப் பொருத்தலாமா? பழைய வரிசை வீடுகளில் சிங்குத் தண்ணீர் பின்சந்துத் திறந்த சாக்கடைக்கே போகிறது. அங்கே உருளை செய்யக்கூடியது, எலிகளை மெல்லும் சிரமத்திலிருந்து விடுவிப்பதுதான். மேலும் 1 செப்டம்பர் 2015 முதல் மலாக்காவிலும் குப்பையை வீட்டிலேயே பிரித்து வைப்பது கட்டாயம். மறுசுழற்சிப் பொருள் தனி, சமையலறைக் கழிவு தனி. பிரிப்பது நாம், அள்ளுவது லாரி; உருளைக்கு நடுவில் வேலை குறைவு.

எதிர்ப்பக்கம் வாதிடுவோர், விதை போன்ற வன்பொருளைக்கூட அது விழுங்கும் என்பர். விதை எளிது. நாரே கடினம். நார்ப்பொருளை அதிகம் போடாதீர்கள் என்று உருளை செய்கிறவர்களே எச்சரிப்பது வழக்கம். நார் ஆடும் கட்டைகளைச் சுற்றிக்கொள்ளும். தமிழ்ச் சமையலறையிலிருந்து நாரை நீக்கிவிட்டால் மிஞ்சுவது ரசத்தின் மேல்தெளிவு மட்டுமே. முருங்கைக்காய்ச் சக்கை, வாழைப்பூவின் மடல், புளிச் சக்கை, கறிவேப்பிலை ஈர்க்கு இந்நான்கும் உருளைக்குப் பகை என்க.

ஆகவே எவரேனும் மலாக்காவில் இவ்வியந்திரத்தோடு வீடு விற்க முன்வந்தால், வெறும் தண்ணீரில் ஓட்டிக் காட்டுவதை ஏற்கலாகாது. பொங்கலுக்கு மறுநாள் காலை சோதனையை வைத்துக்கொள்ள வேண்டும். மேற்கண்ட நான்கும் பிடிப்பிடியாக உள்ளே போகவேண்டும். கூடவே முந்தினநாள் சோறு ஒரு கிண்ணம். அறுகோணச் சாவியை வாங்குகிறவர் கொண்டுவரலாம். விற்பவர் அந்நேரம் சமையலறையில் இருக்கலாகாது. ஆனால் வீட்டை விட்டும் போகலாகாது.