ஓட்டியல்: மேல் அம்புக்குறி வேலை செய்யாமை குறித்த ஓர் ஆய்வு

மதுரைப் பக்கம் ஓடு என்றால் மூன்று: கூரை ஓடு, பானை ஓடு, ஆண்டியின் திருவோடு. யுனிக்ஸ்காரர்கள் நான்காவதாக ஒன்றைச் சேர்த்தார்கள். உள்ளே கெர்னல் எனும் பருப்பு. அதை மூடி நின்று, நாம் அடிக்கும் கமாண்டை வாங்கி உள்ளே சேர்ப்பது ஷெல் எனும் ஓடு. இவ்வாய்வு நான்காம் ஓட்டைப் பற்றியது. மற்றவை தேவைப்பட்டால் எட்டிப் பார்க்கும்.

ஆய்வுக் களம், மதுரையில் ஓர் அலுவலகத்தின் சர்வர் அறை. சான்றாளர், வேலைக்குச் சேர்ந்து பத்து நாளான தம்பி. அவர் வாக்குமூலம்: "அண்ணே, மேல் அம்ப அமுக்குனா பழைய கமாண்டு வரமாட்டேங்குது. கூரை மாதிரி ஒண்ணு, ரெண்டு சதுர அடைப்பு, ஒரு ஏ. அம்புட்டுத்தேன்."

இது பற்றி முன்னோர் கருத்துகள் மூன்று. கீபோர்டு பழுது என்பார் ஒரு சாரார். அணைத்துப் போடு என்பார் மறு சாரார். போன ஆயுத பூசைக்குச் சர்வருக்குப் பொட்டு வைக்காததே காரணம் என்பது கணக்குப் பிரிவின் கொள்கை. மூன்றையும் மரியாதையோடு மறுக்கிறோம்.

ஓட்டிடமே கேட்பதுதான் முறை. அதிலும் எதைக் கேட்கிறோம் என்பது முக்கியம். மாட்டுத்தாவணியில் நிற்பவரிடம் "எந்த ஊரு?" என்றால் உசிலம்பட்டி என்பார், "இப்ப எங்கிட்டு நிக்கிறீக?" என்றால்தான் மாட்டுத்தாவணி வரும். 'எக்கோ டாலர் ஷெல்' முதல் கேள்வி, 'எக்கோ டாலர் பூஜ்யம்' இரண்டாவது. தம்பிக்கு இரண்டுக்கும் ஒரே விடை: எஸ்ஹெச். எங்கள் சர்வரில் ஓடும் உபுண்டுவில் அது டேஷ் எனும் ஓட்டின் புனைபெயர். சிஸ்டம் சீக்கிரம் எழவேண்டும் என்று 2006-இல் வந்த 6.10 பதிப்பிலிருந்து இந்த ஏற்பாடு. டேஷ் சாட்சாத் திருவோடு. போட்டதை வாங்கிக்கொள்ளும், நேற்று என்ன விழுந்தது என்ற கணக்கு அதனிடம் கிடையாது.

தம்பி ஏன் ஆண்டியானார்? அவர் கணக்கை 'ஆட்யூசர்' என்று திறந்திருந்தால் பேஷ் எனும் வேறோர் ஓடு கிடைத்திருக்கும். 'யூசர்ஆட்' என்று திறந்து, ஓட்டின் பெயரைச் சொல்லாமல் விட்டவன் இவ்வாய்வாளனே. பாஸ்வேர்டு கோப்பில் ஆளுக்கொரு வரி, வரிக்கு ஏழு கட்டம். ஏழாவதில் இருப்பது அவரவர் ஓடு. 'சிஹெச்எஸ்ஹெச்' கொண்டு அதை மாற்றி, வெளியேறி மறுபடி நுழைந்ததும் அம்பு பாய்ந்தது.

ஆனால் ஓடு மாறினால் அடித்த கமாண்டுகளின் வரலாறு நிலைத்துவிடுமா? பிரையன் ஃபாக்ஸ் எழுதி 1989-இல் வெளியான பேஷ், சொந்தப் புத்திப்படி 500 வரிதான் நினைவில் வைக்கும். அதையும் நாம் விடைபெறும்போதுதான் கோப்பில் எழுதும். நடுவில் கரண்ட் போய் யூபிஎஸ்ஸும் கைவிட்டால் அன்றைய வரலாறு அவ்வளவுதான். இரண்டு ஜன்னல் திறந்து வேலை பார்த்தால், பழையதோடு சேர்த்தெழுதச் சொல்லும் 'ஹிஸ்ட்அப்பெண்ட்' போடாத ஊரில், கடைசியாக மூடும் ஜன்னல் முந்தையதன் எழுத்தை அழித்து எழுதலாம். வென்றவன் எழுதுவது வரலாறு என்பார்கள். இங்கே பிந்தியவன் எழுதுவது.

இவ்விடத்தில் பானை ஓடு குறுக்கிடுகிறது. மதுரைக்குத் தென்கிழக்கே பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் கீழடி. அங்கே கிடைத்த ஓடுகளில் தமிழி எழுத்து உண்டு. குவிரன் ஆதன் என்று ஒரு பெயரும் உண்டு. இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலாகியும் வாசிக்க முடிகிறது. ஆதன் 'எக்ஸிட்' அடிக்க வேண்டியிருக்கவில்லை. நினைவாற்றலில் பானை ஓடே மூத்தது என்பது இவ்வாய்வின் துணிபு.

வரலாறு கிடைத்த முதல் நாளே தம்பியின் வரலாற்றில் டேட்டாபேஸ் கடவுச்சொல் பளிச்சென்று கிடந்தது. கமாண்டோடு சேர்த்துக் கடவுச்சொல் அடிக்கும் கை உள்ளவர்கள் தயவுசெய்து வரியின் தொடக்கத்தில் ஒரு ஸ்பேஸ் விட்டு அடியுங்கள். உபுண்டுவின் பேஷ் அந்த வரியை எழுதி வைக்காது.