மௌனத்துக்கும் ஒரு நட்சத்திரம் வேண்டி

பெறுநர்: ஈபே நிறுவனத்தின் நம்பிக்கை, பாதுகாப்புத் துறையார், சான் ஹோசே, கலிஃபோர்னியா.

பொருள்: மனிதரின் நேர்மை 99.3 விழுக்காட்டை எட்டியமைக்குப் பாராட்டும், அதைச் சார்ந்த ஒரு கோரிக்கையும்.

அறநூல்கள் பல நூற்றாண்டுகள் முயன்றும் எய்தாத நிலையை ஒரு வணிகத்தளம் எய்திவிட்டதற்கு அத்தளத்தின் கணக்கே சான்றாக நிற்கிறது. ஈபே ஆய்வகத்தில் பணியாற்றிய ஸ்டீவன் டடேலிஸ், கிறிஸ் நோஸ்கோவுடன் இணைந்து 2015-இல் வெளியிட்ட ஆய்வின்படி, விற்பனையாளர் பெற்ற மதிப்பீடுகளில் நல்லவை சராசரியாக 99.3 விழுக்காடு, இடைநிலை எண்ணோ, அதாவது அவர்களை வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் எண்ணோ, முழு நூறு. குறைந்தது பாதி வணிகர் மீது ஒரு குறையும் பதிவாகாத சந்தையைக் கட்டி எழுப்பியவர்களைப் பாராட்டாதிருப்பது முறையன்று.

பழைய கார்ச் சந்தையை முன்வைத்து ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-இல் எழுதிய கட்டுரை, தகவல் ஏற்றத்தாழ்வு, அதாவது பொருளின் குறை விற்பவருக்குத் தெரிந்து வாங்குபவருக்குத் தெரியாதிருக்கும் நிலை, நல்ல சரக்கையே சந்தையிலிருந்து விரட்டிவிடும் என்று எச்சரித்தது. பியர் ஒமிடியார் 1995-இல் தொடங்கிய இத்தளத்தில் முதலில் விற்றது 14.83 டாலருக்குப் போன பழுதான லேசர் சுட்டி. பழுது என்று தெரிந்தே ஒருவர் அதை வாங்கினார் என்பதால் அக்கர்லாஃபின் கவலைக்கு அன்று வேலையில்லை. (பின்வந்த சரக்குப் பட்டியல்கள் எல்லாம் இம்முன்மாதிரியைப் பின்பற்றின என்று சொல்வது மிகையாகும்.) முன்பின் அறியாதவர்கள் ஒருவரையொருவர் நம்புவதற்காக 1996-இல் மதிப்பீட்டு முறை வந்தது.

வாங்கியவரும் விற்றவரும் ஒருவரையொருவர் மதிப்பிடலாம் என்ற அந்த ஏற்பாட்டில், குறை சொன்னவர் மீது பதிலுக்குக் குறை விழுந்ததால், ஏமாந்தவர் வாய் திறக்கும் முன் தம் நற்பெயரை எண்ணிப்பார்க்க வேண்டியிருந்தது. 1999-ஆம் ஆண்டுத் தரவுகளை ஆராய்ந்த பால் ரெஸ்னிக், ரிச்சர்ட் செக்ஹவுசர் ஆகியோர், வாங்கியவர்கள் இட்ட மதிப்பீடுகளில் எதிர்மறையும் நடுநிலையும் சேர்ந்தே ஒரு விழுக்காட்டைத் தொடவில்லை என்று கண்டதில் வியப்பில்லை. 2008 மே மாதம் விற்பவரிடமிருந்து குறைகூறும் உரிமை பறிக்கப்பட்டது. அதன்பின் ஏலத்தில் வென்று பணம் கட்டாமல் மறைந்தவரும் மதிப்பீட்டு ஏட்டில் மாசற்றவராகவே விளங்கும் பேறு பெற்றார்.

புகழ் தானாக வராதவர்க்கும் வழி இருந்தது. ஒரு சென்ட்டுக்கு ஒரு விடுகதை, கூடவே ஒரு நல்ல மதிப்பீடு என்று விற்கப்பட்டதை ஜெனிஃபர் பிரவுனும் ஜான் மார்கனும் 2006-இல் பதிவுசெய்தனர். பட்டியலிடும் கட்டணமே விலையை மிஞ்சிய அந்த வணிகத்தில் விற்பனைச் சரக்கு விடுகதை அன்று, நற்பெயர் என்பதை ஊகிக்கப் பொருளியல் படித்திருக்க வேண்டியதில்லை.

ஆள்வைத்து ஏலம் ஏற்றுதல் இன்னும் நுட்பமானது. விற்பவரோ அவருடைய கூட்டாளியோ வேறு பெயரில் கேட்டு விலையை உயர்த்துவது அது. 2000-ஆம் ஆண்டு 25 சென்ட்டில் தொடங்கிய ஓர் ஓவியம், ஓவியர் ரிச்சர்ட் டீபென்கார்னின் கைவண்ணமோ என்று எண்ணவைக்கும் போலி முதலெழுத்துகளின் துணையோடு 1,35,805 டாலர்வரை ஏறியது. விற்றவர் தாமே தம் பொருளுக்கு ஏலம் கேட்டிருந்தது தெரிந்ததும் நிறுவனத்தார் விற்பனையை ரத்து செய்தனர்; பின்னர் வழக்கும் வந்தது. விற்ற விலையில் ஒரு பங்கு தமக்குத் தரகாக வரும் முறையிலும் அந்த ஏலத்தை ரத்து செய்தவர்களின் துறவு மனத்தைத் தனியே போற்ற வேண்டும். செய்தித்தாள்கள் அவ்வேலத்தைப் பற்றி எழுதாதிருந்தால் அத்துறவு எப்போது கைகூடியிருக்கும் என்பது வேறு ஆராய்ச்சி.

இனி கோரிக்கை. மனம் கசந்த வாங்குநர் பெரும்பாலும் ஏசுவதில்லை. ஒன்றும் எழுதாமல் போய்விடுகிறார், பலவேளை தளத்துக்கே திரும்புவதில்லை. இதனால்தான் டடேலிஸும் நோஸ்கோவும் நல்ல மதிப்பீடுகளை, வந்த மதிப்பீடுகளால் வகுக்காமல், நடந்த மொத்த விற்பனைகளால் வகுத்துப் பார்த்தனர். அப்படி வகுத்தால் நூற்றுக்கு நூறு பெற்ற விற்பனையாளரிடையேயும் வேறுபாடு வெளிப்படுகிறது. அவ்வெண்ணை ஒவ்வொரு விற்பனையாளரின் பெயருக்கு அருகிலும், பத்து மதிப்பீட்டுக்கு மஞ்சள், ஆயிரத்துக்குச் சிவப்பு என்று வழங்கப்படும் நட்சத்திரத்தின் பக்கத்திலேயே, அதே எழுத்தளவில் அச்சிட நிறுவனத்தார் ஆவன செய்ய வேண்டும். மதிப்பீடு இட வாங்குநருக்குத் தரப்படும் 60 நாள் அவகாசமே இவ்விண்ணப்பத்துக்கு விடையளிக்க நிறுவனத்தாருக்கும் தரப்படுகிறது. அதற்குள் விடை வராவிடில், நிறுவனத்தாரின் கணக்குமுறைப்படியே, கோரிக்கை முழு நிறைவுடன் ஏற்கப்பட்டதாகப் பதிவுசெய்யப்படும்.