ராமர் சம்பளம் கணக்கில் வராது

பந்தயக் காருக்கு இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்று 2021-இல் வரம்பு கட்டிவிட்டு, ஏதோ புதுசாகக் கண்டுபிடித்ததுபோல ஃபார்முலா ஒன்காரர்கள் மார்தட்டுகிறார்கள். மதுராந்தகத்தில் இது 1798-லேயே முடிந்துபோன விவகாரம்.

அப்போது செங்கல்பட்டு ஜாகீருக்குக் கலெக்டர், லயனல் பிளேஸ் துரை. மதுராந்தகம் ஏரிக்கரை மழைக்கு மழை உடையும். துரை செப்பனிடுவார், ஏரி மறுபடி தன் வேலையைக் காட்டும். கும்பினிக்கு யார் பதில் சொல்வது? தலக்கதைப்படி, அவ்வூர் ராமர் கோயிலுக்குள் எட்டிப்பார்த்த துரையின் கண்ணில் தாயார் சந்நிதி கட்டக் குவித்திருந்த கருங்கல் பட்டது. அதைக் கரைக்குப் போட்டால் என்ன என்று கேட்டார். ஒரு தலைப்பில் ஒதுக்கியதை இன்னொரு தலைப்புக்குத் தள்ளுவது! இன்றைய பந்தய அணிகளின் கணக்குப்பிள்ளைகளுக்கு அவர்தான் மூலபுருஷர். பட்டாச்சாரியார்கள் மறுத்தார்கள். உங்கள் பெருமாள் கரையைக் காப்பாற்றட்டும், சந்நிதியை நானே கட்டித் தருகிறேன் என்று துரை பந்தயம் கட்டினார்.

இரவு பேய்மழை. குடையும் கையுமாகக் கரைக்கு ஓடிய துரை, வில்லேந்திய இரண்டு இளைஞர்கள், ராமரும் லட்சுமணருமாக, காவல் நிற்பதைக் கண்டாராம். கரை நின்றது. ராமர் ஏரிகாத்த ராமர் ஆனார்.

இரவுக் காவலுக்குக் கூலி எந்தக் கணக்கில் என்று தணிக்கைக்காரர் கேட்கலாம். கவலை வேண்டாம். ஃபார்முலா ஒன் விதிப்படி ஓட்டுநர்களின் சம்பளமும், அணியில் ஆக அதிகம் வாங்கும் மூவரின் சம்பளமும் வரம்புக்குள் வராது. ராமர், லட்சுமணர், கூடவே சீதை. மூவர்தான்.

2021-இல் அணிக்கு 14.5 கோடி டாலர் என்று கரை போட்டார்கள். முதல் மழைக்கே ரெட் புல் அணியின் கரை உடைந்தது, கசிவு 1.6 சதவீதம். கணக்கில் விடுபட்டவற்றுள் ஊழியர்களின் சாப்பாட்டுச் செலவும் உண்டு. அந்த வருஷம் ஓட்டுநர் பட்டத்தை வென்ற அணி, பந்திச் செலவில் மாட்டிக்கொண்டது! பெண்ணுக்குக் கல்யாணம் செய்த எந்தத் தகப்பனைக் கேட்டாலும் பந்தியைத்தான் முதலில் எழுதச் சொல்லியிருப்பார். தண்டம் 70 லட்சம் டாலர். காரின் வேகத்தைச் செதுக்கும் காற்றியக்கச் சோதனையிலும் 10 சதவீதம் வெட்டு. வலித்தது அதுதான்.

நம் கோவை கரிவர்தன் இந்த வம்புக்கே போகவில்லை. 1980-களின் கடைசியில், மாருதி 800-இன் எஞ்சினை எடுத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் காரில் மாட்டினார். ஃபார்முலா மாருதி பிறந்தது. விதிப்புத்தகத்தில் எழுத வேண்டிய வரம்பைக் காருக்குள்ளேயே வைத்துவிட்டார். 796 சிசி எஞ்சினில் ஒருவன் எத்தனை கோடியைத்தான் கொட்ட முடியும்? அதில் ஓட்டிப் பழகிய நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன்னுக்கே போய்ச் சேர்ந்தார்.

பந்தயத்தில் தோற்ற பிளேஸ் துரை சொன்னபடி சந்நிதி கட்டினார். அவர் பெயர் இன்றும் அங்கே கல்லில் இருக்கிறது. செலவுக்குக் கல்லில் வெட்டிய ரசீது வைத்திருப்பவரை எந்தத் தணிக்கைக்காரர் என்ன செய்துவிட முடியும்?