யார் கொடுத்தது?

எண்பதுகளில் தென்காசிப் பக்கம் எங்கள் தெருவில் பீடித்தட்டு இல்லாத வீடு கிடையாது. பள்ளிக்கூடம் விட்டதும் பையைத் திண்ணையில் போட்டுவிட்டு அம்மாவுக்கும் சித்திக்கும் நடுவில் உட்காருவோம். அவர்கள் சுற்றிப் போடும் பீடியின் வாயை மடக்கிக் கொடுப்பது பிள்ளைகள் வேலை. தூள் மூக்கில் ஏறும். சட்டை, பாடநோட்டு, தலைமுடி எல்லாவற்றிலும் புகையிலை வாசம். வீட்டு அரிசி அதிலிருந்துதான் வந்தது என்பதால் யாரும் அதைக் கெட்டதாக நினைக்கவில்லை. 1986இல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம் பீடித் தொழிலில் 14 வயதுக்கு உட்பட்டவர்களை வைக்கக் கூடாது என்றது. ஆனால், குடும்பத்தாரோடு சேர்ந்து செய்யும் வேலைக்கு விலக்கும் கொடுத்தது. எங்கள் திண்ணைக்கு அந்தச் சட்டம் வரவே இல்லை.

என்னோடு படித்த ஒருவனின் அப்பா லாரியோடு போனவர், பிணமாகத்தான் வந்தார். அதன் பிறகு அவன் பேச்சு குறைந்தது. கூப்பிட்டால் திரும்ப மாட்டான். தொட்டால் அடிக்க வருவான். “காத்து கருப்பு அண்டியிருக்கு, மந்திரிச்சு கயிறு கட்டுங்க” என்றார்கள் பெரியவர்கள். வகுப்பில் பிரம்படி. ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி ஒரு சைக்கிள் கடையில் சேர்த்துவிட்டார்கள். அங்கே பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனை மோந்து பார்க்கப் பழகினான். சிரித்துக்கொண்டே கீழே விழுவான். தெருப்பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்போம்.

அந்தப் பசையில் இருப்பது டொலுயீன் போன்ற கரைப்பான். மூச்சு வழியாக நொடிகளில் மூளைக்குப் போகிறது. பசியை மழுக்கும்; துக்கத்தையும் கொஞ்ச நேரம் மழுக்கும். முதல் முறையிலேயே இதயம் நின்றுபோகவும் கூடும். மத்திய அரசு 2019இல் வெளியிட்ட போதைப்பொருள் ஆய்வில், பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் அதிகமாகக் காணப்பட்டது இந்த முகரும் வகை ஒன்றுதான்: பெரியவர்களில் 0.58 சதவீதம், 10 முதல் 17 வயதில் 1.17 சதவீதம். கையில் காசில்லாத வயதில் எட்டக்கூடிய போதை அதுதான்.

இன்று நான் ஆசிரியை. போன வருடம் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனின் உதட்டுக்குள்ளிருந்து கூல் லிப் புகையிலைப் பொட்டலத்தை எடுத்தோம். பள்ளி முழுக்க ஒரே கேள்வி: யார் கொடுத்தது? எந்தக் கடை? கேட்க வேண்டிய கேள்விதான். கல்வி நிலையத்தைச் சுற்றி 100 கஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்று 2003ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சிறுவருக்குக் கொடுத்தவருக்கு ஏழாண்டுவரை கடுங்காவல் என்கிறது 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம். எங்கள் காலத்தில் இதில் எதுவும் இல்லை. கடைக்காரரைப் பிடித்தார்கள். அதில் எனக்கு முழுத் திருப்தி.

ஆனால் அடுத்த பேச்சே டி.சி. கொடுத்து அனுப்புவது பற்றி. “மத்த பசங்களும் கெட்டுருவாங்க டீச்சர்” என்றார்கள். அவனுடைய அம்மாவிடம் தனியாகப் பேசினேன். “அவங்க அப்பா தூக்கு மாட்டிக்கிட்டதுல இருந்து அவன் ராத்திரி தூங்குறதே இல்ல டீச்சர். யாருகிட்ட சொல்ல?” என்றார். வகுப்பில் அவன் முறைத்ததும் பெஞ்சை உதைத்ததும் எல்லாருக்கும் தெரியும். பிள்ளைகளிடம் மனச்சோர்வு எப்போதும் அழுகையாக வருவதில்லை, எரிச்சலாகவும் வரும். நிகோடின் கொஞ்ச நேரம் அதை அமுக்கிவைக்கும், இறங்கும்போது பதற்றம் கூடும், மறுபடியும் பொட்டலம். பொட்டலத்தை மட்டும் பிடுங்கிவிட்டால் தூக்கமில்லாத இரவு அப்படியே இருக்கும்.

நிம்ஹான்ஸ் நடத்திய 2015–16 தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதில் 7.3 சதவீதம் பேருக்கு மனநலச் சிக்கல் என்றது. நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஏறக்குறைய மூன்று பேர். அந்த மூவரை வெளியே அனுப்பினால் அவர்கள் போய் நிற்பது எந்த சைக்கிள் கடையில்?

டி.சி.யை நிறுத்திவைத்தோம். மனநல உதவி எண்ணான 14416க்கு அழைத்தோம். நள்ளிரவிலும் தமிழில் பேச ஆள் இருக்கிறார்கள். மாவட்ட அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அம்மா ஒரு நாள் கூலியை விட்டு அழைத்துப் போகிறார். வரச் சொன்ன நாட்களில் வருகைப் பதிவேட்டில் அவனுக்கு ஆப்சென்ட் போடக் கூடாது என்று தலைமையாசிரியரிடம் எழுதிக் கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. திங்கட்கிழமை மறுபடியும் கேட்பேன்.