வளர்ந்த மாநிலத்துக் கணக்கு

மலாக்கா 2010 அக்டோபர் 20ஆம் தேதி வளர்ந்து முடிந்தது. 20-10-2010. நம்பர் பார்த்து வைத்த தேதி என்பது பார்த்தாலே தெரியும். ஓ.இ.சி.டி. அளவுகோல்களைக் காட்டி, அன்றைய முதலமைச்சர் முகமட் அலி ருஸ்தாம் மலாக்காவை 'வளர்ந்த மாநிலம்' என்று அறிவித்தார். நாடு வளர்வதற்கு மகாதீர் வைத்த கெடு 2020. நாம் பத்து வருஷம் முந்திக்கொண்டோம். அன்று 2010 என்று நாலு நம்பர் எடுத்தவர்களுக்கு ஏதாவது விழுந்ததா தெரியவில்லை. ஜாசின் பக்கத்துத் தோட்டங்களில் எதுவும் விழவில்லை.

இத்தனைக்கும் மலாயாவின் ரப்பர் காசு முளைத்த மண்ணே இதுதான். 1896இல் டான் சே யான் என்ற சீனர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். பிறகு புக்கிட் அசஹானில் ஆயிரக்கணக்கான ஏக்கர். வெள்ளைக்காரர்கள் வந்து விலைக்கு வாங்கினார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. கம்பெனி பலகையில் பெயர் எத்தனையோ தடவை மாறியது. பிரட்டுக்கு இருட்டோடு எழுந்து போகிற சனம் மட்டும் மாறவில்லை. வேலை முடிந்தால் வீட்டையும் காலி பண்ண வேண்டும் என்ற விதியும் அப்படியே இருக்கிறது. நாலு தலைமுறை குடியிருந்த லயத்தில் ஒரு செங்கல்கூட அவர்களுக்குச் சொந்தமில்லை.

ஏழ்மையை ஒழிக்கும் வித்தையில் நம் புத்ராஜெயாவை யாரும் மிஞ்ச முடியாது. மாதம் 980 வெள்ளி இருந்தால் ஒரு குடும்பம் ஏழை இல்லை என்று எழுதி வைத்தார்கள். நாட்டில் ஏழைக் குடும்பங்கள் 0.4 விழுக்காடுதான் என்று கணக்கு வந்தது. உலகமே கைதட்ட வேண்டிய சாதனை! 2019 ஆகஸ்டில் ஐ.நா. அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் வந்து, இந்த ஏழ்மைக் கோடு நிஜ வாழ்க்கைக்குக் கொஞ்சமும் பொருந்தாது என்று சொல்லிவிட்டுப் போனார். முதலில் கோபப்பட்டார்கள். மறு வருஷம் கோட்டை 2,208க்குத் தூக்கினார்கள். ஏழைகள் 5.6 விழுக்காடு ஆனார்கள். ஒரு ராத்திரியில் லட்சக்கணக்கானோர் ஏழையானதாக நினைக்க வேண்டாம். அவர்கள் அதற்கு முன்பும் அங்கேயேதான் இருந்தார்கள், கணக்குப் புத்தகத்துக்கு வெளியே.

2022இல் அந்தக் கோடு 2,589 வெள்ளி. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. இரண்டுமே அரசாங்கம் அச்சடித்த எண்கள். ஒரு ஆள் உழைக்கும் வீடு, சட்டப்படி முழுச் சம்பளம் வாங்கினாலும், அரசாங்கத்தின் 2022 கோட்டுக்கு 889 வெள்ளி கீழே கிடக்கும். அதாவது, ஏழையாக இருப்பதற்குச் சட்டபூர்வ அங்கீகாரம் கிடைத்திருக்கிறது. இதில் இபிஎஃப் 11 விழுக்காடு, 187 வெள்ளி போய்விடும். அது அவருடைய பணம்தான், 55 வயதில் ஆசையாகப் பார்த்துக்கொள்ளலாம். சொக்சோவும் போனால் கைக்கு வருவது 1,500 சொச்சம். புருஷன் பெண்டாட்டி இருவரும் வேலைக்குப் போக வேண்டியதுதானே என்பார்கள். போகிறார்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்பவருக்கு அந்த இரண்டாவது சம்பளத்தில் பாதி போகிறது.

அரசு ஊழியர் மட்டும் 2,000 வெள்ளிக்குக் கீழே வாங்கக் கூடாது என்பதை 2024 டிசம்பரிலேயே நடைமுறைப்படுத்திவிட்டார்கள். தோட்டத்துக்காரனுக்கு 300 குறைவு. குலை வெட்டுகிறவனுக்கு வயிறு சின்னது என்று எந்த இலாகா அளந்து பார்த்ததோ!

சரி, விலைக்கு வருவோம். கட்டுப்பாட்டு விலையில் குறையே சொல்ல முடியாது. உள்ளூர் வெள்ளை அரிசி 10 கிலோ 26 வெள்ளி. பாக்கெட் எண்ணெய் கிலோ 2 வெள்ளி 50 காசு. சீனி 2 வெள்ளி 85 காசு. விலை அசையாமல் நிற்கிறது, சரக்குதான் நிற்பதில்லை. மெர்லிமாவில் போய்க் கேட்டால், "மின்யாக் பாக்கெட் சுடா ஹாபிஸ்", பாக்கெட் எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று கடைக்காரர் தலை நிமிராமல் சொல்வார். பக்கத்திலேயே போத்தல் எண்ணெய் வரிசையாகச் சிரித்துக்கொண்டு நிற்கும். 2023 செப்டம்பரில் இறக்குமதி அரிசி டன்னுக்கு 2,350லிருந்து 3,200 வெள்ளிக்கு ஏறியபோது, உள்ளூர் அரிசி கடைகளிலிருந்து கும்பலாகத் தலைமறைவானது. வயலில் விளைந்தது எங்கே போனது? மூட்டையை மாற்றிக்கொண்டு வெளிநாட்டு அரிசியாகத் திரும்பி வந்திருக்கும் என்று சந்தேகப்படாத அக்காமார் யாரும் இல்லை.

2025 ஆகஸ்டு 1ஆம் தேதி முட்டைக்கான மானியத்தை அடியோடு நிறுத்தினார்கள். அதே மாதம் 31ஆம் தேதி, சுதந்திர தினப் பரிசாக, 18 வயது நிரம்பிய குடிமக்கள் எல்லாருக்கும் மைகார்டில் 100 வெள்ளி 'சாரா' உதவி. ஒரே தடவை 100. வருஷத்துக்குப் பங்கிட்டால் நாளுக்கு 27 காசு. அதையும் ரொக்கமாகத் தரவில்லை. கையில் கொடுத்தால் சனம் ஊதாரித்தனமாக மண்ணெண்ணெய் விளக்குக்குத் தங்க முலாம் பூசிவிடும் என்ற அக்கறை. முதல் நாளே கூட்டம் தாங்காமல் கம்ப்யூட்டர் திணறியது. 27 காசுக்கு நாடே வரிசையில் நின்ற அந்தக் காட்சியைப் பார்த்து, திட்டம் அமோக வெற்றி என்றுதான் சொன்னார்கள். வெட்கம் என்ற சரக்கும் ஹாபிஸ் போலிருக்கிறது.

தோட்டத்துப் பெண்கள் சிக்கனமாக இருக்கப் பழக வேண்டும் என்று மேடையில் சொல்கிற மக்களவை உறுப்பினருக்கு மாத அலவன்ஸ் மட்டும் 16,000 வெள்ளி. கருவாட்டுத் தலையில் குழம்பு வைத்து மூன்று வேளை ஓட்டுகிறவளுக்கு அவர் பட்ஜெட் பாடம் எடுக்கிறார். அவள் நினைத்தால் அவருக்கு எடுக்கலாம். அவளுக்கு நேரமில்லை, தொழிற்சாலை பஸ் வந்துவிடும்.

தீபாவளி வந்தால் நம்முடைய ஒய்.பி.க்களும் தலைவர்களும் தோட்டத்துக்கு வழி கண்டுபிடித்துவிடுவார்கள். அஞ்சு கிலோ அரிசி, ஒரு போத்தல் எண்ணெய், முறுக்கு மாவு. அந்தப் பையை ஒரு கிழவியின் கையில் கொடுத்துவிட்டு, கேமரா சரியாகப் பிடிக்கும் வரை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பையை விட பேனர் பெரிது. பேனர் அடித்த காசுக்கு இன்னும் பத்து பை வாங்கியிருக்கலாம், ஆனால் அரிசி மூட்டையில் முகம் சரியாக விழாதே.

மலாக்கா மாநிலத் தேர்தல் 2021 நவம்பரில் நடந்தது. அடுத்ததற்கும் வருவார்கள், பையோடு. பையை வாங்கிக்கொள்ளுங்கள், அது உங்கள் வரிப்பணம். படமும் எடுத்துக்கொள்ளட்டும். எடுத்து முடிந்ததும் ஒய்.பி.யின் கையை மட்டும் விட்டுவிடாதீர்கள். மீதி 889 வெள்ளியை எந்தக் கவுண்டரில் வாங்குவது என்று கேளுங்கள். பதில் வந்த பிறகு விடலாம்.